மறைபெயர் வீரர் குரோவர் வில்லியம்ஸ்

மோட்டார்ப் பந்தயக்காரர் ஒருவரின் சரிதம் நம் கல்லூரி மலரில் இடம்பெறத் தகுமோ என நண்பர் சிலர் ஐயுறக்கூடும். பந்தயங்களோடு அவர்தம் வாழ்வு முடிந்திருப்பின் நாமும் இதனை எழுத முற்பட்டிரோம்.

வில்லியம் குரோவர் 1903-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16-ஆம் நாள், பாரிஸ் மாநகரை அடுத்த மோன்ரூஷ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை ஆங்கிலேயர்; தாய் பிரெஞ்சு மாது. ஆகவே இரு மொழியும் அவர்க்குத் தாய்மொழிகளாயின. வாலிபத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் வேட்கை கொண்ட அவர், வீட்டார் அறியாவண்ணம் வில்லியம்ஸ் என்னும் பெயரைப் பூண்டு அவற்றிற் கலந்துகொண்டார். வயிற்றுப் பிழைப்புக்கோ, ஓவியர் சர் வில்லியம் ஓர்ப்பனின் ரோல்ஸ் ராய்ஸ் காருக்குச் சாரதியாக அமர்ந்தார். 1928-லும் 1929-லும் பிரெஞ்சு மாபெரும் பந்தயத்தில் வாகை சூடியவர் இச்சாரதியே.

எனினும் அவர் புகழை நிலைநாட்டியது மோனாக்கோ. அந்நகரின் தெருக்களிலேயே முதன்முறையாக 1929 ஏப்ரல் 14-இல் பந்தயம் நடைபெற்றது. ஒரு சுற்று மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மிகும்; அத்தகைய சுற்றுகள் நூறு. ஒருபால் கட்டடச் சுவர், மற்றொருபால் துறைமுகத்து நீர். பதினாறு கார்கள் புறப்பட்டன. நிற்கும் வரிசை சீட்டுக் குலுக்கி அமைக்கப்பட்டமையால், ஜெர்மானிய வீரர் கராச்சியோலாவின் பெரிய மெர்சிடிஸ் பின்னணியில் நின்றது. அவர் ஒவ்வொருவராகக் கடந்து முன்னேறிய திறம் வியத்தற்குரியது. ஆனால் இடையே நிறுத்தியபொழுது நான்கு நிமிடங்களுக்குமேல் கழிந்துவிட்டன. பச்சை வண்ணப் புகாட்டியைச் செலுத்திய வில்லியம்ஸ் 3 மணி 56 நிமிடத்தில் முடித்து வென்றார். சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். இக்காலத்தார் நகைப்பர், அந்நாளைய பிரேக்கையும் டயரையும் எண்ணுவார் நகையார்.

1931-இல் கொனேல்லி என்பாருடன் மாறி மாறி ஓட்டிப் பெல்ஜியத்தின் பத்து மணிநேரப் பந்தயத்தையும் வென்றார். பின்னர்ச் சில ஆண்டுகளில் பந்தயக் களத்தை விட்டு நீங்கினார்.

1940-இல் பிரான்சு வீழ்ந்தது. இங்கிலாந்து சென்று படையிற் சேர்ந்த வில்லியம்ஸை, பிரெஞ்சுக்காரர் போலவே பேசவல்லாரைத் தேடிய இரகசியப் படையொன்று ஏற்றுக்கொண்டது. செபாஸ்தியான் என்னும் மறைபெயருடன் 1942-இல் பாரசூட் வழியாகப் பிரான்சில் இறங்கினார். அங்கு அவர் துணைக்கு நாடியவர் யாவர்? 1927-இல் நான்கு மாபெரும் பந்தயங்களை வென்ற ரோபேர் பெனுவா. மற்றொருவர் ஷான் பியேர் விமீல். இருவரும் பந்தய வீரரே. களத்திற் போட்டியிட்டாரே கரந்துறை வாழ்விற் கூட்டாளிகளாயினர்! உயிரைப் பணயம் வைத்தல் அவர்க்குப் புதிதன்று. கைதட்டுவார் ஒருவருமின்றி வைத்தலே புதிது. வானிலிருந்து இறக்கப்பட்ட ஆயுதங்களை ஓஃபார்ஜீ என்னும் ஊரில் பெனுவா குடும்பத்தார் மாளிகையில் ஒளித்து வைத்தனர்.

1943 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஜெர்மானியர் அங்கு புகுந்து வில்லியம்ஸைச் சிறைப்பிடித்தனர். சில நாட்களிற் பிடிபட்ட பெனுவா, ஓடுங் காரினின்று குதித்துத் தப்பி இங்கிலாந்து சேர்ந்தார். சேர்ந்தவர் அங்கே தங்கினாரல்லர். மீண்டுவந்து மீண்டும் அகப்பட்டு, 1944 செப்டம்பரிற் பூகன்வால்ட் முகாமில் மாண்டார். வில்லியம்ஸ் சாக்சன்ஹௌசன் முகாமில் 1945 மார்ச்சில் கொல்லப்பட்டார். போர் முடிய இரு திங்களும் இல்லை. மூவருள் விமீல் ஒருவரே போருக்குப்பின் எஞ்சினார். அவரும் 1949-இல் போனஸ் ஐரிஸ் நகரில் ஓட்டப் பயிற்சியின்போது உயிர்துறந்தார்.

மோனாக்கோவில், கோர்சிகாத் தீவில் வேதசாட்சியான புனித தெவோத்தாவின் ஆலயத்தை அடுத்த திருப்பத்தில், புகாட்டியில் அமர்ந்த வில்லியம்ஸின் சிலை இன்றும் உள்ளது.