நூலகத்தைத் திறந்து வைத்த சீர்காழிக்காரர்

ஹைதராபாத்தில் சரித்திர ஆராய்ச்சி செய்யும் என் மருமான் சமீபத்தில் ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்திற்காக மூன்று நாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தான். புத்தகம் ஸ்கேன் ஆகி ஒரு தளத்தில் இருப்பது நிச்சயம், ஆனால் அகப்படவில்லை. கடைசியில் வயதான நூலகர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தாராம். தலைப்பை ஆங்கில எழுத்தில் யாரோ கன்னாபின்னாவென்று பதிந்திருந்ததுதான் கோளாறு. இதைக் கேட்டதும் எனக்கு எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவு வந்தது. நம் அங்கத்தினர்களில் இளையவர்கள் பலருக்கு அவரைத் தெரியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

சீர்காழி ராமாமிருத ரங்கநாதன் 1892 ஆகஸ்டில் பிறந்தவர். சில நூல்கள் 9ஆம் தேதி என்கின்றன, சில 12 என்கின்றன. நாட்டில் நூலகர் தினம் கொண்டாடுவது 12ஆம் தேதியில்தான். ஆவணங்களை ஒழுங்குபடுத்தவே வாழ்ந்தவரின் பிறந்த தேதியிலேயே இந்தக் குழப்பம்! ஆறு வயதில் தகப்பனாரை இழந்தார். உள்ளூரில் பள்ளிப் படிப்பு, பிறகு சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் கணிதத்தில் எம்.ஏ. திக்குவாய் இருந்தும் அதைச் சமாளித்து மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி ஆகிய இடங்களில் கணிதம் போதித்தார்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமனமானார். சம்பளம் கூடுதல்தான், ஆனால் வேலை பிடிக்கவில்லை. வாசகர் வராத அறையில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல், சில நாளிலேயே பழைய கல்லூரி முதல்வரிடம் போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வரட்டும், அப்போதும் மனம் ஒப்பாவிட்டால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்த முதல்வர் மட்டும் உடனே சரி என்றிருந்தால், நமக்கு இன்னொரு நல்ல கணித ஆசிரியர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

லண்டனில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் பாடம் கேட்டார். நூறுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். சாதாரண ஜனங்களும் குழந்தைகளும் உரிமையோடு வந்து படிப்பதைக் கண்டு அவர் மனம் மாறிவிட்டது. அங்கே வழக்கிலிருந்த டூயி முறையில் ஒரு புத்தகத்தை முன்பே செய்துவைத்த ஏதாவது ஒரு பொந்தில் திணித்தாக வேண்டும். அது அவருக்குத் திருப்தி தரவில்லை. ஒருநாள் கடையில் 'மெக்கானோ' என்ற குழந்தை விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினால் வண்டியும் ஆகும், பாலமும் ஆகும். விஷயங்களையும் அப்படிப் பகுத்து, துண்டுகளைக் கோலன் குறியால் இணைக்கலாமே என்று தோன்றியது. ஊர் திரும்பும் கப்பலிலேயே, அங்கிருந்த புத்தகங்களை வைத்துப் பரீட்சித்தும் பார்த்துவிட்டார். ஹைதராபாத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பருத்தி நெசவு என்று ஒரு நூல் இருந்தால் இடம், காலம், பொருள், தொழில் ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு. இன்று கம்ப்யூட்டரில் ஆண்டு, ஊர், மொழி என்று தனித்தனியே தேர்ந்தெடுத்துத் தேடுகிறோமே, அது இந்த யோசனைக்கு நெருங்கிய உறவு. இதை விளக்கும் நூல் 1933ல் வெளிவந்தது.

திரும்பி வந்ததும் நூலகம் தலைகீழாக மாறியது. அலமாரிகள் வாசகருக்குத் திறந்தன. கேட்டவருக்குப் பொறுமையாகத் தேடித் தர ஆட்கள் பயிற்சி பெற்றார்கள். 1928ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கினார். அதே ஆண்டில் மனைவி ருக்மிணி ஒரு விபத்தில் காலமானார். துக்கத்தை வேலையில்தான் கரைத்தார் போலிருக்கிறது. மறு ஆண்டு சாரதா அம்மாளை மணந்தார்; கல்யாணத்தன்றே நூலகத்திற்குத் திரும்பிவிட்டார் என்று சொல்வார்கள். சுமார் இருபது ஆண்டுகள் லீவே எடுக்கவில்லையாம். வீட்டிலிருந்தவர்கள் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டார்களோ!

1931ல் ஐந்து விதிகளைப் பற்றிய புகழ்பெற்ற நூல் வந்தது. புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பவை அதன் சாரத்தில் முக்கியமானவை. அதே வருஷம் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டது.

1945ல் காசி இந்து சர்வகலாசாலைக்குப் போய் ஏறக்குறைய ஒரு லட்சம் புத்தகங்களைத் தாமே வகைப்படுத்தினார். பிறகு டெல்லி, ஜூரிச், கடைசியாக பெங்களூர். ஆயுட்கால சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை 1956ல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு, மனைவி பெயரையும் சேர்த்து, நூலகவியல் பேராசிரியர் பதவிக்காக அளித்தார். 1957ல் பத்மஸ்ரீ. 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார்.

நம் ஹைதராபாத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. அவர் பாடுபட்ட பொது நூலகச் சட்டம் சென்னையில் 1948ல் வந்தது. ஹைதராபாத் ராஜ்யம் 1955ல் தனக்கென ஒன்று இயற்றிக்கொண்டது. மாநிலங்கள் இணைந்த பின் இரண்டும் சேர்ந்து 1960ல் ஆந்திரப் பிரதேசச் சட்டமாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு 1957ல் நியமித்த நூலகக் குழுவுக்கு அவரே தலைவர். 2000க்குப் பின் லட்சக்கணக்கான புத்தகங்களை ஸ்கேன் செய்த தேசியத் திட்டத்தில் கச்சிபௌலி ஐ.ஐ.ஐ.டி. முக்கிய மையமாக இருந்தது. அப்படி ஸ்கேன் ஆனவற்றில் ஏராளமானவை இன்று வீட்டிலிருந்தே கிடைக்கின்றன. ஆனால் பெயர் தப்பாகப் பதிந்த ஸ்கேன், பூட்டிய அலமாரியைவிட மோசம் என்பேன். அலமாரியிலாவது புத்தகத்தின் முதுகு கண்ணில் படும்.

ஆகவே ஆராய்ச்சி செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்தாதீர்கள். ஆசிரியர் பெயர், அச்சகம், வருஷம் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். மேற்கோளை அடுத்தவர் புத்தகத்திலிருந்து எடுக்காமல் மூலத்தைத் திறந்து பாருங்கள். அதற்கும் மேலாக, நூலகரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

1931ஆம் வருஷப் புத்தகத்தின் முதல் பதிப்பைத் தேடச் சொன்னேன் மருமானிடம். சர் பி.எஸ். சிவஸ்வாமி ஐயர் முன்னுரையோடு ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அதன் பெயரை மட்டும் யாரோ புண்ணியவான் சரியாகப் பதிந்திருக்கிறார்.