மூன்று ஓட்டு மாநிலத்துக்காரர்

அமெரிக்க 20 டாலர் நோட்டைப் படத்திலாவது பார்த்திருப்பீங்க. அதில் நீண்ட முகமும் சிலிர்த்த முடியுமாக இருப்பவர்தான் ஆண்ட்ரூ ஜாக்சன், 7-ஆவது ஜனாதிபதி.

1767-ல் பிறந்தார். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். 14 வயசுல அம்மாவும் போய்ட்டாங்க. எப்படியோ வக்கீலுக்குப் படித்து, 1788-ல் நாஷ்வில் போய்ச் சேர்ந்தார்.

1796-ல் டென்னசி தனி மாநிலமாக விரும்பியது. அரசியல் சட்டம் எழுதிய குழுவில் ஜாக்சனும் இருந்தார். ஆனா அது தேர்தல் வருஷம்! புது மாநிலம் ஜெஃபர்சனுக்குத்தான் ஓட்டுப் போடும் என்று எதிர்க்கட்சியான பெடரலிஸ்டுகளுக்குத் தெரியும். செனட்டில் முட்டுக்கட்டை போட்டார்கள். கடைசியில் ஜூன் 1 அன்று வாஷிங்டன் கையெழுத்திட்டார். ஆனால் பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு இடம்தான். அதோடு இரண்டு செனட்டர்களைச் சேர்த்தால் ஜனாதிபதித் தேர்தலில் மூன்று எலெக்டர்கள்.

அந்த மூணு பேரை மக்கள் தேர்ந்தெடுத்தாங்கன்னு நினைக்கிறீங்களா? இல்லை. சட்டசபை ஒவ்வொரு கவுண்டியிலும் சிலரைப் பெயர் சொல்லி நியமித்தது. அவங்க கூடி எலெக்டர்களைத் தேர்ந்தெடுத்தாங்க. அப்போது ஒரு எலெக்டருக்கு இரண்டு ஓட்டு. மூவரும் ஜெஃபர்சனுக்கு ஒன்று, ஆரன் பர்ருக்கு ஒன்று என்று போட்டார்கள். ஆனாலும் ஜான் ஆடம்ஸ் 71, ஜெஃபர்சன் 68. மூன்றே ஓட்டில் போச்சு! அந்த ஒற்றைச் சபை இடத்துக்குப் போனவர் ஜாக்சன்.

1815-ல் நியூ ஆர்லியன்ஸில் பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்து நாடறிந்த ஹீரோ ஆனார். 1824-ல் அவரே ஜனாதிபதி வேட்பாளர். எலெக்டர் ஓட்டில் முதலிடம், 99. ஆனால் பெரும்பான்மை இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. 1818-ல் சேர்ந்த இல்லினாய்ஸைப் பாருங்க: அதன் மூன்று எலெக்டர்களில் இருவர் ஜாக்சனுக்குப் போட்டவர்கள். சபையில் அதன் ஒரே பிரதிநிதியோ ஜான் குவின்சி ஆடம்ஸுக்குப் போட்டார். 34 பிரதிநிதிகள் இருந்த நியூயார்க்குக்கும் அதே ஒரு ஓட்டுதான். ஆடம்ஸ் ஜெயித்தார்.

1828-ல் ஜாக்சன் 178-க்கு 83 என்று பதிலடி கொடுத்தார். எலெக்டர்களே வேண்டாம், மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று 1829-ல் காங்கிரஸைக் கேட்டார். நடக்கவில்லை.

அவர் சொன்ன மக்களில் யார் யார் என்பதையும் பார்த்துடணும். அவருடைய தோட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள். 1830-ல் பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே விரட்டும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. அவர்கள் யாருக்கும் ஓட்டு இல்லை.

1845-ல் அதே தோட்டத்தில் இறந்தார். எலெக்டர் முறை இன்னும் இருக்கு. டென்னசிக்கு இப்போ 11.