தியோபால்ட் ஸ்மித்: உண்ணியின் மேல் குற்றத்தை நிலைநாட்டியவர்

அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள டெக்ஸஸ் நாட்டு மாடு பார்வைக்கு யாதொரு பிணியும் அற்றது. நீண்ட கொம்பும் வற்றிய உடலுமாகப் பல நூறு மைல் நடந்து வடக்கேயுள்ள சந்தைகளுக்கு வந்து சேரும். ஆனால் அது வழியில் மேய்ந்த புல்வெளியில் ஏறக்குறைய ஒரு மாதங் கழித்து வடநாட்டு மாடுகள் மேய்ந்தால், அவற்றுக்குக் கடுஞ்சுரங் கண்டு, சிறுநீர் இரத்த நிறமாகி, சில தினங்களில் மாண்டு விழும். வடநாட்டு மாட்டைத் தெற்கே ஓட்டிச் சென்றாலும் அதற்கு அதே கதிதான். உறைபனி விழுந்துவிட்டாலோ ஆபத்து நீங்கிவிடும். நோயைக் கொண்டுவந்த மாடு பிழைக்கிறது. அதை நெருங்கவுமில்லாத மாடு சாகிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அந்நாட்டுக் குடியானவர்களைத் திகைக்க வைத்த விஷயம் இது. 1868ம் வருஷத்தில் இல்லினாய் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான மாடுகள் இந்நோயால் மடிந்தன. டெக்ஸஸ் மந்தைகளைத் தடுக்க மாகாணங்கள் சட்டஞ் செய்தன. சட்டம் போதாதென்று கண்ட குடியானவர்கள் எல்லையில் துப்பாக்கியுடன் காவல் நின்றார்கள்.

மாடோட்டிகள் நெடுநாளாகவே ஒரு காரணம் சொல்லி வந்தார்கள். தெற்கத்தி மாட்டின் தோலில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் உண்ணிதான் நோய்க்கு மூலம் என்பது அவர்கள் கட்சி. படித்தவர்கள் இதை மதிக்கவில்லை. 1868ம் வருஷத்து நோயை ஆராய்ந்த ஜான் காம்ஜி என்னும் ஆங்கில மிருக வைத்திய நிபுணர் இக்கொள்கையை நகைத்துத் தள்ளினார். பூச்சி கடித்துச் சுரம் வருமென்பது அன்று படித்தவர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட கொள்கையாக இருக்கவில்லை. அதுவே போதுமான மறுப்பாக இருந்தது. எழுத்தறியாதவன் கண்ணால் கண்டதை எழுத்தறிந்தவன் கேளாமலே தள்ளிவிடும் வழக்கம் ஒரு தேசத்துக்கு மாத்திரம் உரியதன்று. எனினும் நியாய ஸ்தலத்தில் பழகியவர்கள் அறிந்த விதி ஒன்று உண்டு. சந்தேகம் எத்துணை பலமாயிருந்தாலும் அது சாட்சியம் ஆகாது. மாடோட்டிகளிடம் இருந்தது சந்தேகம். அதைச் சாட்சியமாக்கிக் கொடுத்தவரே தியோபால்ட் ஸ்மித்.

அவர் 1859ம் வருஷம் ஜூலை மாதம் 31ந் தேதி நியூயார்க் மாகாணத்து ஆல்பனி நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். தகப்பனார் தையல் தொழில் செய்தவர். வீட்டில் ஜெர்மன் பாஷை வழங்கியது பிற்காலத்தில் பெருந்துணையாயிற்று. கார்னெல் ஸர்வகலாசாலையில் 1881ம் வருஷத்தில் பட்டம் பெற்றார். அங்கே கணிதத்தில் தேர்ந்ததோடு, பிரார்த்தனை மண்டபத்தில் ஆர்கன் வாத்தியமும் வாசித்து வந்தார். 1883ல் ஆல்பனி வைத்தியக் கல்லூரியில் டாக்டர் பட்டம் கிடைத்தது. ஆயினும் அவர் நாடி பார்த்துப் பணஞ் சேர்க்கும் தொழிலில் இறங்கவில்லை. வாஷிங்டன் நகரில் சர்க்கார் விவசாய இலாகாவின் மிருக வைத்தியப் பகுதியில் உத்தியோகம் ஏற்றார்.

கிருமி சாஸ்திரம் அப்போது ஜெர்மனியில் ராபர்ட் காக் என்பவர் கையில் வளர்ந்து கொண்டிருந்தது. ஸ்மித் அங்கே சென்று பயிலவில்லை. காக் எழுதிய கட்டுரைகளை மூலபாஷையிலேயே வாசித்து, அம்முறைகளைத் தாமே கைவரப் பெற்றார். அவருடைய மேலதிகாரி டேனியல் ஸால்மன். பன்றிகளுக்கு வரும் காலராவை ஆராய்ந்தபோது ஸ்மித் பிரித்தெடுத்த ஒரு கிருமிக்குப் பிற்காலத்தில் ஸால்மொனெல்லா என்று நாமகரணமாயிற்று. உழைத்தவர் ஒருவர், பெயர் நிலைத்தவர் மற்றொருவர். இலாகாக்களில் இது புதுமையன்று. அந்தக் கிருமி பன்றிக் காலராவுக்குக் காரணமன்று, அதனினும் நுண்ணிய விஷமே காரணம் என்று 1903ம் வருஷத்தையொட்டி வேறு இருவர் காட்டினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்மித்தும் தவறியவர்தான். ஆனால் 1886ல் வெப்பத்தால் கொன்ற கிருமிகளைப் புறாக்களுக்குக் குத்தி, செத்த கிருமியும் உயிருள்ள உடலைக் காக்கும் என்று அவர் காட்டியது தவறாகவில்லை.

1889ம் வருஷத்துக் கோடையில் வாஷிங்டனுக்கு வெளியேயிருந்த பரிசோதனைப் பண்ணையில் டெக்ஸஸ் சுர விசாரணை தொடங்கிற்று. கில்போர்ன் என்னும் மிருக வைத்தியர் ஸ்மித்தோடு கூட உழைத்தார். கூப்பர் கர்ட்டிஸ் என்பவர் உண்ணியின் பிறப்பு வளர்ப்புகளை ஆராய்ந்தார். அவர்கள் வேலி கட்டி நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒன்றில், உண்ணியோடு கூடிய தெற்கத்தி மாடுகளையும் வடநாட்டு மாடுகளையும் சேர்த்து விட்டார்கள். இன்னொன்றில், தெற்கத்தி மாடுகளின் உடலை அங்குலம் அங்குலமாகத் தடவி, உண்ணிகளைக் கையால் பிடுங்கி எறிந்த பின்னரே வடநாட்டு மாடுகளோடு சேர்த்தார்கள். வெயிலில் உதைக்கும் மாட்டின் தொடைச் சந்துகளில் விரல் விட்டுத் துழாவும் இவ்வேலையை ஒரு நாளைக்குச் செய்து பார்த்தவர்கள்தான் அதன் கஷ்டத்தை அறிவார்கள். மற்றொரு துண்டில் தெற்கத்தி மாடே இல்லை. புல்லின் மேல் உண்ணிகள் மாத்திரம் தூவப்பட்டன.

முதல் நிலத்தில் வடநாட்டு மாடுகள் நோயில் விழுந்தன. இரண்டாவதில் தெற்கத்தி மாடுகளோடு ஒரே புல்லைத் தின்றும் ஒன்றுமாகவில்லை. உண்ணி தூவிய நிலத்திலோ, தெற்கத்தி மாட்டைக் கண்ணாலும் பாராத மாடுகள் சுரங் கண்டன. குற்றவாளியை அகற்றியபோது குற்றம் நிகழவில்லை. குற்றவாளி தனித்து நின்றபோது நிகழ்ந்தது. இதற்கு மேல் எந்த நியாயாதிபதிக்கு என்ன வேண்டும்? ஆனால் ஸ்மித்துக்கு வேண்டியிருந்தது. ஒரே கோடையின் முடிவை அவர் நம்பவில்லை. 1892ம் வருஷம் வரையில் நான்கு கோடைகள் திரும்பத் திரும்பச் செய்தார்.

நோயுற்ற மாட்டின் இரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்து நோக்கினார். செவ்வணுக்களின் உள்ளே பேரிக்காய் வடிவான நுண்ணுயிர்கள் இரண்டிரண்டாக ஒட்டியிருந்தன. செவ்வணுக்களை எண்ணிக் கணக்கெடுத்தார். நோய் முற்ற முற்ற அவை உடைந்து குறைந்துகொண்டே வந்தன. சிறுநீர் சிவந்ததன் காரணம் தெளிவாயிற்று. இரட்டையாகக் காணப்பட்டதால் பைரோஸோமா பைஜெமினம் என்று அந்த நுண்ணுயிருக்குப் பெயரிட்டார். ருமேனியா தேசத்து விக்டர் பாபெஷ் என்பவர் 1888ம் வருஷத்திலேயே தம் நாட்டு மாடுகளின் இரத்தத்தில் இத்தகைய உருவங்களைக் கண்டிருந்தார். அவரை முன்னிட்டு இவ்வினம் இன்று பாபெஸியா என்று வழங்குகிறது. ஸ்மித்தின் பெயர் இங்கும் நிலைக்கவில்லை.

இனிமேல்தான் அதிசயம். இவ்வுண்ணி ஒரு மாட்டிலிருந்து மற்றொரு மாட்டுக்குத் தாவுவதில்லை. குஞ்சாக ஏறிய மாட்டின் மேலேயே வளர்ந்து, இரத்தங் குடித்துக் கொழுத்து, தரையில் விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகிறது. அப்படியானால் நோய் எவ்வாறு பரவும்? ஸ்மித் முட்டைகளை ஆய்வுசாலையில் வைத்துப் பொரிக்கச் செய்தார். பிறந்ததுமுதல் ஒரு துளி இரத்தமும் அருந்தாத அக்குஞ்சுகளை ஆரோக்கியமான வடநாட்டு மாட்டின் மேல் விட்டார். மாட்டுக்குச் சுரங் கண்டது. தாய் குடித்த விஷம் முட்டை வழியாக மக்களுக்கு இறங்கியிருந்தது. உண்ணி விழுந்து, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து ஏறச் சென்ற காலமே அந்த ஒரு மாதத் தவணை. பனி விழுந்தால் உண்ணி சாகும். ஆகவே நோயும் நிற்கும். தெற்கத்தி மாட்டின் கதையும் விளங்கிற்று. கன்றாக இருக்கும்போதே இந்நோயில் அடிபட்டுத் தேறிய அந்த மாடு, நுண்ணுயிரைத் தன் இரத்தத்தில் வைத்துக்கொண்டே நலமாக வாழ்கிறது. அதன் இரத்தத்தை எடுத்து வடநாட்டு மாட்டுக்குக் குத்தினால் நோய் வந்தது.

1893ம் வருஷத்தில் ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவர் பெயரால் சர்க்கார் பிரசுரமாக இவையனைத்தும் வெளிவந்தன. கர்ட்டிஸின் பெயர் முகப்பில் இல்லை. இதுபற்றிப் பின்னர் வாதம் எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது. யானைக்கால் புழு கொசுவினுள் வளர்வதை மான்ஸன் முன்னரே கண்டிருந்தாராயினும், இரத்தத்து நுண்ணுயிர் ஒன்றைக் கடிக்கும் ஜந்து ஓர் உடலிலிருந்து வேறோர் உடலுக்குக் கொண்டு சேர்ப்பதைப் பரிசோதனையால் நிரூபித்தது இதுவே முதல் தடவை. நான்கு வருஷங்கள் கழித்து, 1897ல், நம் செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாவைக் கண்டார். 1900ல் கியூபாவில் வால்டர் ரீட் மஞ்சட் சுரத்தின் கொசுவைப் பிடித்தார்.

அமெரிக்க சர்க்கார் 1906ம் வருஷத்தில் உண்ணி ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்தது. பாஷாணங் கலந்த நீர்த் தொட்டிகளில் மாடுகளை முக்கியெடுக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய பண்ணைக்காரருக்கு இது இலாபம். இரண்டு மூன்று மாடு வைத்திருந்த ஏழைக்கோ, மாட்டை மைல்கணக்கில் ஓட்டிச் சென்று முக்குவது பெருஞ்சுமை. அவன் மாடு தெற்கிலேயே பிறந்தது, இந்த நோயால் சாவதுமில்லை. சிலர் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவர்களை மூடர் என்று எழுதிவிடுவது எளிது. சுமை யார் தலையில், பயன் யார் கையில் என்பதை அச்சட்டஞ் செய்தவர்கள் சற்று முன்னமே யோசித்திருக்கலாம். எப்படியும் 1943ம் வருஷத்திற்குள் மெக்ஸிகோ எல்லையோரம் ஒரு குறுகிய நிலப்பட்டை நீங்கலாக உண்ணி ஒழிந்தது. அப்பட்டையில் காவல் இன்றும் நடக்கிறது.

ஸ்மித் 1895ல் வாஷிங்டனை விட்டு மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக்குப் போனார். ஹார்வர்டு ஸர்வகலாசாலையில் ஆசிரியராகவும், மாகாண சுகாதார இலாகாவில் தொண்டைக்கட்டு நோய்க்கு மாற்று மருந்து செய்யும் ஆய்வுசாலைத் தலைவராகவும் இருந்தார். 1898ல் மனிதர் க்ஷயத்தின் கிருமியும் மாட்டு க்ஷயத்தின் கிருமியும் வெவ்வேறு என்று காட்டினார். 1901ல் காக் இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொண்டு, ஒரு படி மேலே சென்று, மாட்டு க்ஷயம் மனிதருக்கு வாராது என்றுரைத்தார். ஸ்மித் அவ்வளவு தூரம் செல்லவில்லை. பால் வழியாகக் குழந்தைகளுக்கு வரக்கூடும் என்பதே அவர் எண்ணம். அதுவே உண்மையாயிற்று. அதே காலத்தில் புதிதாக ஏற்பட்ட ராக்பெல்லர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. தாம் மிருக நோய்களை ஆராய்பவர் என்று சொல்லி மறுத்துவிட்டார். அந்த ஸ்தாபனம் மிருக நோய்ப் பகுதியைப் பிரின்ஸ்டனில் தொடங்க நிச்சயித்த 1914ம் வருஷத்தில்தான் அவர் சம்மதித்தார். 1929ல் ஓய்வு பெற்றார். 1933ல் ராயல் சொஸைட்டியார் காப்லி பதக்கம் அளித்தனர். நோபெல் பரிசு கிட்டவில்லை. 1934ம் வருஷம் டிசம்பர் 10ந் தேதி நியூயார்க்கில் காலமானார்.

ஒட்டுண்ணி வாழ்வும் நோயும் என்ற பொருள் பற்றிய அவருடைய நூல் அந்த வருஷத்திலேயே வெளிவந்தது. இடங்கொடுத்த உயிரைக் கொல்லும் ஒட்டுண்ணி தன் வீட்டையே இடிக்கிறது. நெடுங்காலம் பழகிய இடத்தில் இருவரும் ஒருவரையொருவர் பொறுத்து வாழ்கின்றனர் என்பது அதன் சாரம். நாற்பத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு இதற்கு ஒரு விசித்திரமான உதாரணம் கிடைத்தது. 1976ல் மிஸ்ஸூரி மாகாணத்தில் வீட்டுப் பூனைகள் கடுஞ்சுரமும் காமாலையுமாக ஒரு வாரத்திற்குள் சாவது கண்டறியப்பட்டது. பாபெஸியாவுக்கு இனமான ஸைடாக்ஸூன் பீலிஸ் என்னும் நுண்ணுயிரே காரணம். அதைச் சுமப்பது அப்பிரதேசத்து உண்ணி. பொதிந்து வைத்திருப்பது பாப்கேட் என்னும் காட்டுப்பூனை. மிஸ்ஸூரிக் காட்டுப்பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் இரத்தத்தில் அது காணப்பட்டும் அவை பெரும்பாலும் நலமாகவே திரிகின்றன. டெக்ஸஸ் மாட்டின் ஸ்தானத்தில் காட்டுப்பூனை. வடநாட்டு மாட்டின் ஸ்தானத்தில் வீட்டுப்பூனை.

இதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, கீம்ஸா சாயமேற்றி நோக்கினால், செவ்வணுவுக்குள் முத்திரை மோதிரம்போல் தெரியும். ஆனால் நுண்ணுயிர் முதலில் பெருகுவது நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றின் குழாய்களில். செவ்வணுவுக்குள் வருவது பிந்தித்தான். ஆகவே சுரம் தொடங்கிய நாளில் தகடு வெறுமையாக இருந்தால் நோயில்லை என்று துணியலாகாது. நலமாகத் திரியும் காட்டுப்பூனையிலோ தேடித் தேடியும் அகப்படாதவாறு அது அரிதாயிருக்கும். சுமக்கும் மாட்டை அறிய ஸ்மித்துக்கு இன்னொரு மாட்டைப் பலியிடுவது தவிர வழியில்லை. இப்போது பி.சி.ஆர். முறையால் நுண்ணுயிரின் மரபணுத் துணுக்கைக் கோடிக்கணக்கில் பெருக்கி, ஒரு துளி இரத்தத்திலேயே அதன் இனத்தையும் அறிந்துவிடுகிறார்கள்.

பெரிய பூனைகளும் தப்பவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸெரங்கெட்டியில் 1994ம் வருஷத்தில் சிங்கங்களில் மூன்றிலொரு பங்கு மடிந்தது. நாய்களின் டிஸ்டெம்பர் நோயே காரணம் என்றார்கள். சேமித்து வைத்திருந்த இரத்தத்தைப் பின்னர் சோதித்தபோது பாபெஸியாவும் மிகுதியாக இருந்தது. முந்தின வருஷத்து வறட்சியில் மெலிந்து உண்ணி மொய்த்த காட்டெருமைகளைச் சிங்கங்கள் அடித்துத் தின்றன. உண்ணி சிங்கத்தின் மேல் ஏறிற்று. டிஸ்டெம்பர் உடலின் காவலைக் குலைத்தபோது பாபெஸியா கொன்றது. நம் கீர் வனத்திலும் 2018ல் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது டிஸ்டெம்பரோடு உண்ணி வழிவந்த நுண்ணுயிரும் காணப்பட்டது.

மிஸ்ஸூரிப் பூனைக்கு அட்டோவாகுவோன், அஸித்ரோமைஸின் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் பத்தில் ஆறு பிழைக்கின்றன. தடுப்பூசி இல்லை. பூனையின் மேல் உண்ணி ஏறாமல் பார்த்துக்கொள்ளும்படியே அங்குள்ள மிருக வைத்தியர்கள் சொல்லி வருகிறார்கள்.