குதிரையின் அச்சம் அறிந்தவர்

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் பிறந்த செனபோன், இளமையில் சாக்ரடீசிடம் பழகியவர், குதிரையேற்றத்தில் வல்லவர். கி.மு. 401இல் பாரசீக இளவரசர் சைரஸின் படையுடன் சென்றார். போரில் சைரஸ் மடிந்தார். கிரேக்கத் தளபதிகள் வஞ்சகமாகக் கொல்லப்பட்டனர். பகைநாட்டின் நடுவே தவித்த பல்லாயிரம் வீரர்களைக் கருங்கடல்வரை அழைத்துவந்த தலைவர்களுள் செனபோனும் ஒருவர். வழியெங்கும் பாரசீகக் குதிரைவீரர் தாக்கினர். கிரேக்கரிடமோ குதிரைப்படையே இல்லை. அவருடைய யோசனைப்படி, பொதி சுமந்த குதிரைகளையும் சேர்த்து, 50 பேர் கொண்ட குதிரைப்படை உருவாயிற்று.

பின்னர் ஏதென்ஸிலிருந்து நாடுகடத்தப்பட்டு, ஒலிம்பியாவுக்கு அருகே சில்லஸ் என்னும் ஊரில் வாழ்ந்தார். குதிரையேற்றம் குறித்து அவர் இயற்றிய நூல் இளைய நண்பர்களுக்கு உரியது. போர்க்களத்தில் மிரளும் குதிரை, ஏறியிருப்பவனின் உயிருக்கே உலைவைத்துவிடும். ஆயினும் அதனை அடித்துத் திருத்தலாகாது என்பதே அவர் துணிபு. அடிபட்ட குதிரை, தான் கண்டு மிரண்ட பொருளே அவ்வலியைத் தந்ததாக எண்ணிக்கொள்ளும்; அச்சம் மேலும் வளரும். உளவியல் என்னும் துறையே தோன்றாத காலத்தில் அவர் கண்ட உண்மை இது!

குதிரையைச் சினத்துடன் அணுகவே கூடாது. அஞ்சும் பொருளை வீரன் தானே தொட்டுக்காட்டி, குதிரையை மெல்ல அதனருகே நடத்திச் செல்ல வேண்டும் என்றார். இளங்குதிரையைக் கூட்டத்தினூடே இட்டுச்சென்று, பலவகைக் காட்சிகளும் ஒலிகளும் பழகச் செய்யுமாறும் அறிவுறுத்தினார்.

அவருடைய மைந்தர் இருவரும் குதிரைவீரராயினர். கி.மு. 362இல் நிகழ்ந்த மாண்டினியாப் போரில் மூத்தவன் கிரில்லஸ் ஏதென்ஸின் குதிரைப்படையில் நின்று போரிட்டு வீழ்ந்தான். இளையவன் டியோடோரஸ் உயிருடன் திரும்பினான்.