15 மணி நேரம் தாங்கிய பச்சைத் திரை

கடந்த தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பேருந்தில் போனபோது, விடுதி நண்பன் இரவல் கொடுத்த கையடக்க விளையாட்டுக் கணினி என் கையில் இருந்தது. கார்ப் பந்தய விளையாட்டு. திரை கண்ணைப் பறித்தது, வேகமும் அபாரம். ஆனால் தாப்பா வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. மீதி வழி முழுவதும் சூடான கறுப்புச் செங்கல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் மாமா தம் பழைய அலமாரியிலிருந்து சாம்பல் நிறக் கேம் பாய் ஒன்றை எடுத்துத் தந்தார். மூலைக் கடையில் வாங்கிய நான்கு பேட்டரிகளைப் போட்டேன். விடுமுறை முடிந்து நான் கிளம்பிய அன்றும் அது ஓடிக்கொண்டிருந்தது. மின்னணுப் பொறியியல் படிப்பவன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளும் எனக்கு இது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அதைச் செய்தவர் யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அவர் குன்பெய் யோக்கோய். 1941-இல் ஜப்பானின் கியோத்தோ நகரில் பிறந்தவர். அங்கேயே தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துவிட்டு, 1965-இல் நின்டெண்டோவில் சேர்ந்தார். அன்று அது பூப்படச் சீட்டுக்கட்டு அச்சடித்து விற்கும் நிறுவனம். சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் இவருடைய வேலை. பொழுது போகாத வேளைகளில், நீண்டு மடங்கும் கை ஒன்றைத் தமக்காகச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைப் பார்த்துவிட்டார். திட்டு விழும் என்று நினைத்திருப்பார் மனிதர். ஆனால் தலைவரோ அதை விற்பனைப் பொருளாக்கச் சொன்னார். 1966-இல் வெளிவந்த அந்த ‘அல்ட்ரா ஹேண்ட்’ பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பழுது பார்ப்பவர் பொம்மை செய்பவரானார்.

யோக்கோயின் அடுத்த பாய்ச்சல் ஒரு ரயில் பயணத்தில் தொடங்கியது. அதிவேக ரயிலில் அலுத்துப்போன ஓர் அலுவலக ஊழியர், கணிப்பொறியின் பொத்தான்களைச் சும்மா தட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். அப்போது கணிப்பொறி நிறுவனங்களுக்கிடையே கடும் விலைப்போட்டி. அதனால் திரவப் படிகத் திரைகளும் சில்லுகளும் மலிவாகிவிட்டிருந்தன. அதே பாகங்களைக் கொண்டு, பொத்தான் பேட்டரியில் ஓடும் ‘கேம் அண்ட் வாட்ச்’ கருவிகளை 1980-இல் கொண்டுவந்தார். 1982-இல் வந்த ‘டாங்கி காங்’ பதிப்பில் அவர் வைத்த கூட்டல் குறி வடிவத் திசைப்பொத்தானின் வாரிசுகள்தாம் இன்றும் நம் கட்டைவிரலுக்கடியில் இருக்கின்றன.

புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே, பழகிப்போய் மலிவாகி, குணமும் குறையும் நன்றாகத் தெரிந்துவிட்ட ஒன்றை எடுத்து யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்து என்பதே அவருடைய வழி. காய்ந்த தொழில்நுட்பம் என்றே அதற்கு அவர் பெயர் வைத்திருந்தார்.

1989-இல் வந்த கேம் பாயில் இந்த வழி கடும் சோதனைக்கு உள்ளானது. பச்சை படர்ந்த திரை, நான்கே நிறச்சாயல்கள், பின்னொளி இல்லை, 8-பிட் சில்லு. அதே ஆண்டு அட்டாரியின் லிங்ஸும், அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியரும் பின்னொளியோடு கூடிய வண்ணத் திரையுடன் வந்தன. பக்கத்தில் வைத்தால் கேம் பாய் ஏழை வீட்டுப் பிள்ளைபோல் தெரியும். ஆனால் அந்த இரண்டும் ஆறு பேட்டரிகளை நான்கைந்து மணி நேரத்தில் விழுங்கின. கேம் பாய் நான்கே பேட்டரிகளில் சுமார் 15 மணி நேரம் ஓடியது. விலையும் குறைவு, 12,500 யென். பேட்டரி வாங்க அப்பாவிடம் காசு கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரிந்திருக்கும். பின்னால் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து, கேம் பாய் 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இன்றைய கையடக்கக் கணினிகளுக்கும் அதே கணக்குதான். 2022-இல் வந்த ஸ்டீம் டெக்கின் பேட்டரி 40 வாட்-மணி. கருவி மொத்தமாக 20 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம், 10 வாட் என்றால் நான்கு. சில்லின் வேகத்தைக் கூட்டும்போது பொதுவாக மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். இரண்டையும் 10 விழுக்காடு கூட்டினால் செலவு ஏறத்தாழ 33 விழுக்காடு ஏறிவிடும். பெரிய பேட்டரி வைத்தால் கை வலிக்கும். ஆகவே வினாடிக்கு 60 படங்களை 40 ஆகக் குறைப்பது, வாட் அளவுக்கு வரம்பு கட்டுவது போன்ற வழிகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. யோக்கோய் வடிவமைப்பு மேசையில் எடுத்த முடிவை இன்று நாம் அமைப்புப் பட்டியலில் எடுக்கிறோம்.

அவரும் சறுக்கினார். 1995-இல் அவர் உருவாக்கிய ‘வர்ச்சுவல் பாய்’ கண்ணை வைத்துப் பார்க்கும் கருவி, எல்லாமே சிவப்பு நிறம். பார்த்தவர்கள் தலைவலி என்றார்கள். ஓராண்டுக்குள் விற்பனை நின்றது. அதற்காகவே அவர் விலகினார் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதான கதையாகத் தோன்றவில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகும் இருந்து, சிறிய பேட்டரிகள் இரண்டில் ஓடும் ‘கேம் பாய் பாக்கெட்’டை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் 1996-இல் போனார். சொந்தமாகக் ‘கோட்டோ’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1997 அக்டோபர் 4-ஆம் நாள், நெடுஞ்சாலையில் சிறு மோதலுக்குப் பின் காரைவிட்டு இறங்கி நின்றவர்மீது இன்னொரு கார் மோதியது. அவருக்கு வயது 56.

அவர் பண்டாய் நிறுவனத்துக்காக வடிவமைப்பில் பங்களித்த ‘வொண்டர்ஸ்வான்’ 1999-இல் வெளிவந்தது. அதற்கு ஒரே ஒரு பேட்டரி போதும்.

இந்தப் பருவத்தில் எங்கள் குழுவும் ஒரு சிறு விளையாட்டுக் கருவி செய்கிறது. வேகமான சில்லும் வண்ணத் திரையும் வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான்தான். நான்கு மணி நேரம் ஓட வேண்டிய மாதிரி, 50 நிமிடத்தில் படுத்துவிட்டது. மற்ற மூவரும் என் பேச்சை நம்பி இரண்டு வாரம் உழைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை கூட்டத்தில் என் தேர்வு தவறு என்று சொல்லிவிட்டு, கறுப்பு வெள்ளைத் திரையையும் பாதி வேகச் சில்லையும் முன்வைக்கப் போகிறேன். மாமாவின் கேம் பாயையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். பேட்டரி இன்னும் அதேதான்.