நிலா மண் வந்த உருண்டை

நிலாவிலிருந்து ஆளே போகாமல் முதன்முதலில் மண் கொண்டு வந்தது யாருடைய விண்கலம் தெரியுமா? ரஷ்யாவின் கியோர்கி பபாகின் செய்தது. 1914-ல் மாஸ்கோவில் பிறந்தவர். சின்ன வயசிலேயே ரேடியோ வேலைக்குப் போயிட்டார். வேலை பார்த்துக்கொண்டே படித்து அவர் பட்டம் வாங்கும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது! 1965-ல் லாவோச்கின் நிறுவனத்தில் தலைமை வடிவமைப்பாளர் ஆனார்.

1969 ஜூலையில் மண் எடுக்கப் போன லூனா 15 நிலாவில் மோதி நொறுங்கியது. அப்போ அமெரிக்க வீரர்கள் ரெண்டு பேர் நிலாவிலேயே இருந்தாங்க! அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

1970 செப்டம்பரில் லூனா 16 துளை போட்டு மண் எடுத்தது. அது திரும்பி வந்த உருண்டையின் குறுக்களவு சுமார் 50 சென்டிமீட்டர். நம்ம ஸ்கேல் ரெண்டு வைத்தால் அதைவிட நீளம். உள்ளே இருந்த மண் 101 கிராம்தான். கடையில் 100 கிராம் கடுகு வாங்குவோமே, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஆகஸ்டிலேயே, 56 வயதில் இறந்துவிட்டார். நிலாவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.