அக்குபஞ்சர் ஊசிக்கு ஒரு குழாய்: பார்வையற்ற சுகியாமா வாயிச்சி ஜப்பானிய முறையை மாற்றியது எப்படி?

விழுப்புரம் பக்கத்தில் கோலியனூரில் ஓர் அக்குபஞ்சர் சிகிச்சையாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடமாகச் சீன முறையில் ஊசி போட்டுப் பழகிய கை. இப்போது ஜப்பானிய முறையையும் கத்துக்கலாமே என்று ஒரு பயிற்சியில் சேர்கிறார். அங்கே முதலில் அவர் கைக்கு வருவது, ஊசியைவிடக் கொஞ்சம் குட்டையான ஒரு குழாய். பார்க்க ஸ்ட்ராவை நறுக்கி வைத்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

இந்தக் குழாயைப் பாடமாக்கிப் பரப்பியவர், படிப்பு ஏறாது என்று ஆசிரியரால் வெளியே அனுப்பப்பட்டவர். பெயர் சுகியாமா வாயிச்சி.

யார் இவர்?

1610-இல் ஜப்பானின் இசே பகுதியில் ஒரு சாமுராய் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. வாள் பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வழி மூடிவிட்டது என்று அர்த்தம். அன்றைய ஜப்பானில் பார்வையற்றோருக்கு எனத் தனிச் சங்கம் இருந்தது. இசை, உடல் பிடித்துவிடுதல், அக்குபஞ்சர் எனச் சில தொழில்கள்தான் அவர்களுக்குத் திறந்திருந்தன.

வாயிச்சி அக்குபஞ்சரைத் தேர்ந்தெடுத்தார். இன்றைய டோக்கியோவான எடோவுக்குப் போய், யமாசே தாகுயிச்சி என்ற சிகிச்சையாளரிடம் சேர்ந்தார். அவரும் பார்வையற்றவரே. ஆனால் வாயிச்சிக்குச் சொன்னது மனதில் நிற்கவில்லை, கையும் ஓடவில்லை. கடைசியில் ஆசிரியர் அவரை அனுப்பிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். இருந்த ஒரே பிழைப்பு வழியும் போச்சு.

கல்லில் தடுக்கிய கால்

வாயிச்சி அடுத்துப் போனது எனோஷிமா தீவுக்கு. அங்கே இருப்பது பென்சைதென் கோவில். இந்தத் தேவி நமக்குப் புதியவர் இல்லை. பௌத்தத்தோடு ஜப்பான் வரை பயணம் செய்த நம்ம சரஸ்வதிதான் அங்கே பென்சைதென். வீணைக்குப் பதில் கையில் பிவா என்ற நரம்பிசைக் கருவி.

அங்கே வாயிச்சி உண்ணாநோன்பு இருந்தார். திரும்பும்போது ஒரு கல்லில் தடுக்கி விழுந்தார். ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தால், சுருண்ட இலைக்குள் ஒரு பைன் மர ஊசியிலை. ஊசியைக் குழாய்க்குள் வைத்தால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது என்கிறது வழிவழியாக வரும் கதை. அந்தக் கல் என்று சொல்லப்படும் ஒன்றை எனோஷிமாவில் இன்றும் பார்க்கலாம்.

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பக்தர்கள் சேர்த்தது என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை என்பது வரலாறு. கியோட்டோவுக்குப் போய், இரியே என்ற அக்குபஞ்சர் குடும்பத்தாரிடம் மறுபடி மாணவராகச் சேர்ந்தார்.

குழாய் என்ன செய்கிறது?

மெல்லிய ஊசியை வெறும் கையால் குத்தினால் வளையும், நடுங்கும், இடம் தவறும். குழாய்க்குள் போட்டால் நேராக நிற்கும். ஊசியின் தலை குழாய்க்கு வெளியே சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஆள்காட்டி விரலால் லேசாகத் தட்டினால் நுனி சட்டெனத் தோலைத் தாண்டிவிடும். குத்துவது அவ்வளவாகத் தெரியாது. பிறகு குழாயை எடுத்துவிட்டு, தேவையான ஆழத்துக்கு ஊசியை மெதுவாக இறக்கலாம்.

இன்னொரு மாற்றம், வேலை கண்ணிலிருந்து விரலுக்கு மாறியது. இடது கை விரல்கள் தோலைத் தடவி இடத்தைக் கண்டுபிடிக்கும், குழாயைப் பிடிக்கும். பார்வை தேவைப்படாத முறை இது. சீன முறையில் 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர் தடிமன் ஊசிகள் சகஜம். ஜப்பானியர்கள் 0.16, 0.20 என மெல்லிய ஊசிகளோடு வேலை செய்ய முடிவதற்கு இந்தக் குழாய் ஒரு முக்கியக் காரணம்.

ஷோகனிடம் கேட்ட ஒற்றைக் கண்

எடோ திரும்பிய வாயிச்சியின் பெயர் பரவியது. ஐந்தாவது தொகுகாவா ஷோகனான த்சுனயோஷிக்கே சிகிச்சை செய்யும் அளவுக்கு உயர்ந்தார். 1692-இல் பார்வையற்றோர் சங்கத்தின் உச்சப் பொறுப்பும் வந்தது.

என்ன வேண்டும் என்று ஷோகன் கேட்டபோது, ஒரே ஒரு கண் போதும் என்றாராம் வாயிச்சி. அதைத் தர ஷோகனால் முடியாது. பதிலுக்கு 1693-இல் எடோவின் ஹோஞ்ஜோ பகுதியில் ஹிதோத்சுமே என்ற இடத்தில் நிலம் கொடுத்தார். அந்தப் பெயருக்கு ஒற்றைக் கண் என்றும் பொருள் வரும். அங்கே எழுந்த பென்சைதென் கோவில், எஜிமா சுகியாமா ஆலயமாக டோக்கியோவில் இன்றும் இருக்கிறது.

பெரிய சாதனை எது?

குழாயைவிட முக்கியமானது, 1680-களில் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளி. பார்வையற்றோர் அக்குபஞ்சரும் உடல் பிடித்துவிடுதலும் அங்கே முறையாகப் படித்தார்கள். பார்வையற்றோருக்கான பள்ளி பாரிஸில் தொடங்கியதற்குச் சுமார் நூறு ஆண்டுகள் முன்பே இது நடந்தது. பாடங்களுக்காக மூன்று நூல்களையும் உருவாக்கினார். எந்த ஆசிரியரும் வேண்டாம் என்று அனுப்பிவிட முடியாத ஒரு வழியை, தனக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் போட்டுக்கொடுத்துவிட்டு 1694-இல் இறந்தார்.

அந்த வழியும் சோதனையைச் சந்தித்தது. 1871-இல் மெய்ஜி அரசு பார்வையற்றோர் சங்கத்தைக் கலைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947-இல் அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் அக்குபஞ்சரையே தடை செய்யப் பார்த்தது. பார்வையற்ற சிகிச்சையாளர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்த ஆண்டின் கடைசியில் உரிமம் வழங்கும் சட்டம் வந்தது. ஜப்பானில் பார்வையற்றோர் பள்ளிகளில் அக்குபஞ்சர் இன்றும் ஒரு தொழிற்படிப்பு.

இப்போது கோலியனூர் சிகிச்சையாளருக்கு வருவோம். பத்து வருட அனுபவம் இருந்தும் அவருக்கு முதல் சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். பழகிய வேகத்தையும் அழுத்தத்தையும் விட்டுவிட்டு, கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால் தேடப் பழக வேண்டும். கை ஓடவில்லையே என்று அவர் சோர்ந்தால், அதே காரணத்துக்காக வெளியே அனுப்பப்பட்டவரின் குழாய்தான் அவர் கையில் இருக்கிறது.